வெயிலைத் தடுக்காத கூரைகள்

ஒரு வீட்டின் கூரைக்கு இரண்டு கடமைகள் உண்டு. மழையைத் தடுக்க வேண்டும். வெயிலையும் தடுக்க வேண்டும். தஞ்சோங் காராங் தொடங்கி புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா வரை, வட சிலாங்கூரின் தோட்டக் குடியிருப்புகளிலும் மலிவு விலை வீடுகளிலும் எத்தனையோ கூரைகள் முதல் கடமையை மட்டுமே செய்கின்றன. இரண்டாவது கடமையின் சுமை குடும்பத்தின் மின்கட்டணத்தில் ஏறுகிறது. கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டில் அது உடல்நலத்தின் மீது ஏறுகிறது. இந்த நிலை ஆண்டுக்கு ஆண்டு மோசமாகி வருகிறது. இதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் இன்னும் பொறுப்பேற்கவில்லை.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் செலவு அரசியல் பிரச்சினை. கூரையிலும் சுவரிலும் வெப்பத்தடுப்பு இல்லாத வீட்டில் ஏழைகள் வாழ நேர்ந்தால் அரசு கேள்விக்கு உள்ளாகிறது. நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆகவே அந்தப் பேச்சும் நமக்கில்லை என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறானது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் செல்வது இயற்கை. அங்கே அது வீட்டுக்குள்ளிருந்து வெளியேறுகிறது. இங்கே வெளியிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறது. இரண்டையும் தடுக்கும் பொருள் ஒன்றுதான். அவர்களுக்கு அது சில மாதங்களின் தேவை. நமக்கு ஆண்டு முழுவதற்குமான தேவை.

தஞ்சோங் காராங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்றரை டிகிரிக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. மற்ற நாள்களிலும் நண்பகலில் அது 60 டிகிரிக்குக் கீழே சாய்வதில்லை. எனவே இப்பகுதி வீடுகளில் அதிக வெயிலை வாங்குவது கூரை. வரிசை வீடுகளில் இடையில் அமைந்த வீட்டுக்கு முன்சுவரும் பின்சுவரும் மட்டுமே வெளியே தெரியும்; அங்கே கூரையின் பங்கு இன்னும் கூடுகிறது. வெயில் நேரத்தில் தகரக் கூரையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அதன் கீழே மெல்லிய உட்கூரைப் பலகை மட்டும் இருந்தால், அந்தச் சூடு அறைக்குள் இறங்குவதைத் தடுக்க எதுவும் இல்லை.

எளிய கணக்கு ஒன்று இதை விளக்கும். ஐம்பது சதுர மீட்டர் கூரை. வெளியே 60 டிகிரி, உள்ளே 30 டிகிரி. தகரமும் மெல்லிய உட்கூரையும் மட்டும் உள்ள கூரையில், ஒரு சதுர மீட்டரில் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 2 வாட் வெப்பம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000 வாட். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் அறையிலிருந்து அகற்றக்கூடிய வெப்பமோ ஏறத்தாழ 2,600 வாட். வாங்கி மாட்டிய இயந்திரம் கூரையோடு போராடியே தோற்றுப்போகிறது. அதே கூரையில் முறையான வெப்பத்தடுப்பு இருந்து, இறங்கும் அளவு 0.4 வாட்டாகக் குறைந்தால், மொத்தம் 600 வாட் மட்டுமே. ஐந்தில் நான்கு பங்கு வெப்பம் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இனி மின்கட்டணத்தைப் பார்ப்போம். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையின்படி, குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு யூனிட்டுக்கு இத்தனை சென் என்று ஊக்கக் கழிவு கிடைக்கிறது. பயன்பாடு ஏற ஏறக் கழிவு குறைகிறது. 1,000 யூனிட்டைத் தாண்டினால் கழிவே இல்லை. மாதம் 200 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு ஏறத்தாழ 39 ரிங்கிட் வரும். இரவில் எட்டு மணி நேரம் சிறிய குளிர்சாதனம் ஓடி, மணிக்கு முக்கால் யூனிட் எடுத்தால், மாதத்தில் 180 யூனிட் கூடுகிறது. அப்போது கட்டணம் ஏறத்தாழ 104 ரிங்கிட். பயன்பாடு இரு மடங்கைக்கூட எட்டவில்லை. கட்டணமோ இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. சிக்கனத்துக்கு அரசு தரும் கழிவை, சூடான கூரை குடும்பத்திடமிருந்து பறித்துக்கொள்கிறது.

இந்த 65 ரிங்கிட் வேறுபாடு எல்லாருக்கும் ஒன்றல்ல. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு 65 ரிங்கிட் என்பது பிள்ளையின் பள்ளிச் செலவு, மருந்துச் செலவு, மோட்டார் சைக்கிள் எண்ணெய்ச் செலவு. வசதியுள்ளவர் வெப்பத்தைப் பணம் கொடுத்து விரட்டுகிறார். வசதியற்றவர் அதைத் தாங்கிக்கொள்கிறார். ஏழை வீட்டின் குறைந்த மின்கட்டணத்தைச் சிக்கனத்தின் அடையாளமாக மட்டும் கணக்கெடுக்கக் கூடாது. வெப்பத்தில் தூக்கமின்றிக் கழியும் இரவுகள் எந்தக் கட்டண ரசீதிலும் பதிவாவதில்லை.

தூக்கமின்மை சிறிய பாதிப்பு அன்று. செம்பனைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் பகலெல்லாம் வெயிலில் உழைப்பவரின் உடல் இரவில்தான் தணிய வேண்டும். பகலில் கூரையும் சுவரும் வாங்கிய சூடு முன்னிரவு வரை வீட்டுக்குள் தங்கினால் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். நாட்டின் வெப்ப எச்சரிக்கை முறை, தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை என்கிறது; 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை; 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. இவை திறந்த வெளியின் அளவுகள். தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர் எந்த நிலையில் வாழ்கிறார் என்பதை எவரும் அளப்பதில்லை.

இப்பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. ராஜா மூசா கரிமண் சதுப்புக்காடு வறண்ட மாதங்களில் மீண்டும் மீண்டும் தீப்பிடித்திருக்கிறது. கரிமண் தீ நிலத்துக்கடியில் கனன்று நாள்கணக்கில் புகையும். அண்டை நாட்டுப் புகையும் 2015, 2019 ஆண்டுகளில் சிலாங்கூரைச் சூழ்ந்து பள்ளிகளை மூட வைத்தது. புகைமூட்டம் வந்தால் கதவையும் சன்னலையும் மூடுமாறு மக்களுக்கு அறிவுரை வருகிறது. அறிவுரை சரியானதே. ஆனால் வெயிலைத் தடுக்காத கூரையின் கீழ், எல்லாவற்றையும் மூடிய வீட்டில், ஒரு குடும்பம் எத்தனை மணி நேரம் இருக்க முடியும்? புகையும் வெப்பமும் ஒரே பருவத்தில் வருகின்றன. ஒன்றிலிருந்து தப்ப மற்றொன்றுக்குள் செல்ல வேண்டிய நிலையில் இம்மக்கள் இருக்கிறார்கள்.

கூரைகளின் இந்த நிலை தானாக வந்ததன்று. நீப்பா ஓலையில் வேய்ந்த அத்தாப்புக் கூரை இக்கடலோரத்தின் பழைய வழக்கம். ஓலை அடுக்குகளுக்கிடையே தங்கிய காற்று வெயிலைத் தடுத்தது. ஆனால் ஓலை தீப்பற்றும், மக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். தகரம் வந்ததும் இந்தக் கவலைகள் தீர்ந்தன. ஓலை செய்துவந்த வெப்பத்தடுப்பு வேலையைத் தகரம் செய்யாது என்பதை அன்று யாரும் கணக்கில் கொள்ளவில்லை. கூரைப்பொருள் மாறியது, அதன் கீழே சேர்க்க வேண்டியது சேர்க்கப்படவில்லை. தோட்டத்து லயன் வரிசை வீடுகளில் தொடங்கிய இந்தக் குறை, தோட்டத்தைவிட்டு மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அவர்களோடு கூடவே வந்தது.

மலிவு விலை வீட்டுத் திட்டங்கள் ஏழைகளுக்குச் சொந்த வீடு தந்தன. அந்த நன்மையை இந்த ஏடு மறுக்கவில்லை. 1982-இல் அத்தகைய வீட்டின் விலை 25,000 ரிங்கிட்டாக நிர்ணயிக்கப்பட்டது. 1998 முதல் இடத்துக்கேற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. விலைக்கு உச்சவரம்பு இருக்கும்போது செலவைக் குறைக்க எளிய இடம் கண்ணுக்குத் தெரியாத இடம். உட்கூரைக்கு மேலே வெப்பத்தடுப்பு இருக்கிறதா என்று வீடு வாங்குபவர் ஏறிப் பார்ப்பதில்லை. கட்டுபவர் மிச்சப்படுத்தும் தொகை ஒருமுறைக்கானது. குடியிருப்பவர் அதற்கு ஈடாக ஒவ்வொரு மாதமும் மின்கட்டணத்தில் செலுத்துகிறார். மலிவு விலை வீடு, வாழ்வதற்கு மலிவான வீடாக இருக்க வேண்டும்.

சட்டம் இல்லை என்று சொல்ல இயலாது. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்களில் 38ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. சிலாங்கூரில் அது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி வந்தது. எடை குறைந்த கூரையானால் ஒரு சதுர மீட்டரில் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 0.4 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது. எடை கூடிய கூரையானால் 0.6 வாட். குடியிருப்புக் கட்டடங்களுக்கும் இந்தக் கூரை அளவு பொருந்தும். 2017-இல் வீடுகளின் எரிசக்தித் திறனுக்கென்றே எம்எஸ் 2680 என்ற மலேசியத் தர வழிகாட்டியும் வெளிவந்தது. எண் இருக்கிறது, விதி இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறது. அவை சாதாரண வீட்டின் கூரை வரை சென்று சேர்ந்தனவா என்பதே கேள்வி.

சென்று சேர்வதில் இரண்டு இடைவெளிகள் தெரிகின்றன. முதலாவது, புதிய கட்டடங்களுக்கான விதி பழைய வீடுகளைத் தொடுவதில்லை. 1980-களிலும் 1990-களிலும் கட்டிய வீடுகளில் வாழ்வோருக்கு 38ஏ எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. இரண்டாவது, மேற்பார்வை. 2007 முதல், குடிபுகுவதற்கான தகுதிச் சான்றிதழை வழங்குபவர் திட்டத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ ஆவார். வரைபடத்தை அங்கீகரிப்பது ஊராட்சி மன்றம். கட்டியது சரிதான் என்று கையெழுத்திடுவது நிபுணர். வரைபடத்தில் காட்டிய வெப்பத்தடுப்பு கூரையில் உண்மையிலேயே போடப்பட்டதா என்பதைச் சுயேச்சையாகச் சோதிக்கும் வழக்கம் வலுப்பட வேண்டும். உட்கூரை மூடப்பட்ட பிறகு சோதிப்பதில் பயனில்லை.

தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் மற்றத் துறை முதலாளிகளுக்கும் விரிவானது. ஒருவருக்கு எவ்வளவு தரைப்பரப்பு வேண்டும் என்று விதிமுறை எண்ணிச் சொல்கிறது. பலர் சேர்ந்து தங்கும் கூடமானால் 3 சதுர மீட்டர்; மற்ற உறைவிடமானால் 3.6 சதுர மீட்டர். தரையைச் சதுர மீட்டரில் அளக்கும் அதிகாரி கூரையின் வெப்பத்தையும் அளக்க வேண்டும். இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களின் உறைவிடமும் இந்த அளவுகோலுக்கு உட்பட வேண்டும். வெப்பம் குடியுரிமை பார்ப்பதில்லை. பாதுகாப்பும் பார்க்கக் கூடாது.

அரசின் எரிசக்திச் சிக்கனக் கொள்கை இதுவரை சாதனங்களின் மீதே கண்வைத்திருக்கிறது. குளிர்சாதனத்துக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் காற்றாடிக்கும் நட்சத்திரத் தரக்குறியீடு உண்டு. 2021-இல் நான்கு, ஐந்து நட்சத்திரக் குளிர்சாதனமோ குளிர்பதனப் பெட்டியோ வாங்குவோருக்கு 200 ரிங்கிட் தள்ளுபடி கிடைத்தது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் பெரிய பயனீட்டாளர்களையும் பெரிய கட்டடங்களையும் சாதனங்களையும் நோக்கியது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் குளிர்சாதனத்துக்கு உதவி தந்து கூரையை விட்டுவிடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்ப உதவுவதாகும். முதல் உதவி கூரைக்கே போய்ச் சேர வேண்டும்.

பிற நாடுகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. நியூசிலாந்து 2009-இல் பழைய வீடுகளின் கூரைக்கும் தரைக்கும் வெப்பத்தடுப்பு போட அரசு நிதி தந்தது. பத்து ஆண்டு கழித்து, 2019 ஜூலை 1 முதல், இயன்ற இடங்களிலெல்லாம் வாடகை வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. முதலில் உதவி, பிறகு கட்டாயம் என்ற இந்த வரிசை நமக்கும் பொருந்தும். வெப்ப நாடுகளிலும் முன்மாதிரி உண்டு. அகமதாபாத் நகரம் 2010 மே மாத வெப்ப அலைக்குப் பின், 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு பூசும் பணியையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பம் அரசின் பொறுப்பு என்பதை இவ்வரசுகள் ஏற்றுக்கொண்டன.

தீர்வுக்கான தொழில்நுட்பம் புதியதன்று. கண்ணாடி இழையோ பாறை இழையோ சுமார் பத்து சென்டிமீட்டர் கனத்தில் உட்கூரைக்கு மேலே விரித்தால் விதி கேட்கும் அளவை எட்டலாம். அலுமினியத் தாளைக் கூரைக்குக் கீழே போடலாம். ஆனால் அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியின்றித் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் பயன் மிகக் குறைவு. மேல்பக்கம் தூசி படிந்து மங்கிவிடும் என்பதால் பளபளப்பு கீழ்நோக்கி இருப்பது நல்லது. வெள்ளைப் பூச்சு செலவு குறைந்த முதல் படி. நம் ஈரக் காற்றில் பாசி படிந்து கறுத்துவிடும் என்பதால் அதற்குப் பராமரிப்பு வேண்டும். உட்கூரைக்கு மேலே தங்கும் சூடு வெளியேறக் கூரையில் காற்றுவழியும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய வீடுகள் சிலவற்றின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளால் ஆனது. அவற்றைத் துளையிடுவதும் தேய்த்துக் கழுவுவதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடான நார்த்துகளைக் காற்றில் பரப்பும். அத்தகைய கூரைகளில் குடியிருப்போர் தாமே வேலையில் இறங்கக் கூடாது. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாதுகாப்பாக அகற்றிப் புதுக்கூரை அமைக்கும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டவும் கூடாது. இதற்கு அரசின் வீட்டுச் சீரமைப்பு நிதி முன்னுரிமை தர வேண்டும்.

புதிய வீடுகள் வரும் காலம் இது. வட சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களின் சொந்த வீட்டுக் கோரிக்கை பல்லாண்டுக் காத்திருப்புக்குப் பிறகே திட்டமாக உருப்பெற்றது. இதுபோன்ற ஒவ்வொரு திட்டமும் அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளின் வாழ்க்கையை முடிவு செய்கிறது. கட்டும்போது கூரையில் வெப்பத்தடுப்பு சேர்ப்பது எளிது. கட்டிய பிறகு சேர்ப்பது கடினம், செலவும் கூடுதல். இவ்வளவு காலம் காத்திருந்தவர்களுக்குத் தரும் வீடு, அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வெயிலிலிருந்து காக்கும் வீடாக இருக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. மாநில அரசு, தன் ஒவ்வொரு மலிவு விலைத் திட்டத்திலும் 38ஏ விதி நிறைவேறியதற்கான சான்றைக் கேட்டு, அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஊராட்சி மன்றங்கள், உட்கூரை மூடப்படும் முன் கூரையைச் சோதிக்க வேண்டும். வீட்டுவசதிக்கும் எரிசக்திக்கும் பொறுப்பான மத்திய அமைச்சுகள், சாதனத் தள்ளுபடியைப் போலவே கூரை வெப்பத்தடுப்புக்கும் உதவித்தொகை வகுக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள், தங்கள் பொறுப்பில் உள்ள லயன் வீடுகளையும் தொழிலாளர் விடுதிகளையும் சொந்தச் செலவில் சீராக்க வேண்டும். தொழிலாளர் நலத்தை மேற்பார்வையிடும் அதிகாரிகள், அது நடந்ததா என்று நேரில் பார்க்க வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வீடு வாங்குபவர் கூரையின் வெப்பத்தடுப்பு விவரத்தை மேம்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், தங்கள் வட்டாரத்தில் வெப்பத்தடுப்பு இல்லாத கூரைகள் எத்தனை என்று கணக்கெடுத்து மன்றத்தின் முன் வைக்கலாம். கணக்கோடு வரும் கோரிக்கையைத் தள்ளிப்போடுவது கடினம். ஆனால் இந்தப் பங்கைக் காட்டி அதிகாரத்தில் உள்ளோர் தங்கள் கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது.

கூரைக்கு இரண்டு கடமைகள் என்பதை வீட்டுத் தரத்தின் முதல் விதியாக ஏற்க வேண்டும். மழை ஒழுகும் கூரையோடு ஒரு வீட்டை ஒப்படைக்க எந்த அதிகாரியும் இன்று துணிவதில்லை. வெயில் இறங்கும் கூரையோடு வீட்டை ஒப்படைப்பதும் அதே அளவு தவறு என்ற நிலை வர வேண்டும். வெப்பத்தைக் கூட்டும் அடுத்த எல் நினோ ஆண்டுக்கு முன், அடுத்த புகைமூட்டத்துக்கு முன், வட சிலாங்கூரின் தோட்ட வீடுகளையும் மலிவு விலை வீடுகளையும் கணக்கெடுக்கும் பணியை மாநில அரசு தொடங்க வேண்டும். அதற்கான தேதியையும் நிதியையும் மக்களிடம் அறிவிக்க வேண்டும். தேதி இல்லாத வாக்குறுதியை இந்த ஏடு பதிலாக ஏற்காது.